கல் வைக்க ஒரு காணி

எங்கள் வீட்டு மகாளய அமாவாசைப் படையலில் ஓர் இலை கூடுதலாக விழும். அது என் கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு. எந்த வருஷம் செத்தார், காய்ச்சலிலா, பாம்பு கடித்தா, எரித்தார்களா, புதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. 'கண்டிக்குப் போனவரு' என்பதோடு அவர் கதை முடிந்துவிடும். புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய பேச்சில் கண்டி என்பது ஓர் ஊரின் பெயரில்லை. அட்டனும் கண்டிதான், நுவரெலியாவும் கண்டிதான். கடலுக்கு அப்பால் குளிரும் அட்டையும் உள்ள மலை முழுக்கக் கண்டிச் சீமை. திதி தெரியாதவர்களுக்கு அந்த அமாவாசை பொது என்பதால் அவருக்கும் ஓர் இலை.

வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் சித்தன்னவாசல். ஓவியம் பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் போகிற பொட்டலில் இரும்புக் காலத்துக் கல்வட்டங்கள் கிடக்கின்றன. செத்தவரைக் குழியில் இறக்கி, பலகைக்கல்லால் மூடி, சுற்றிலும் பாறாங்கல்லை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஈராயிரம் வருஷத்துக்கு மேலாகியும் கல் வைத்த இடத்தில் இருக்கிறது. ஆடு மேய்க்கிற பையன்களோடு அதன்மேல் உட்கார்ந்து நாவல்பழம் தின்றிருக்கிறேன். உள்ளே யார் என்று எங்களுக்குத் தெரியாது. யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும், அதனால் யாரும் அதன்மேல் எச்சில் துப்பமாட்டோம்.

கல்லோடு இவ்வளவு பழக்கமுள்ள மண்ணிலிருந்து போனவர்களுக்கு அங்கே என்ன கல் கிடைத்தது? மாசி மாதம், மழை ஓய்ந்த நாள்களில், அதைப் பார்க்கத்தான் மலை ஏறினேன். தாத்தாவின் சித்தப்பாவைத் தேடிப் போகவில்லை. பெயரைத் தவிர ஒன்றும் தெரியாதவரை எங்கே தேடுவது?

கண்டி

தலதா மாளிகைக்குப் பின்னால், மேட்டில், பிரிட்டிஷ் காவற்படையின் பழைய இடுகாடு இருக்கிறது. புல் ஒட்ட வெட்டி, செடி வைத்து, பூங்கா மாதிரிப் பராமரிக்கிறார்கள். இங்குள்ள கற்களில் செத்த விதமும் பதிவாகியிருக்கிறது. ஒருவரை 1856இல் காட்டு யானை மிதித்தது. இன்னொருவர் மேல் 1861இல் வீடே இடிந்து விழுந்தது. குதிரையிலிருந்து இறங்கும்போது நட்டிருந்த கழியில் குத்துப்பட்டுச் செத்த ஒருவரும் உண்டு. பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள், காய்ச்சலில் போனவர்கள். படிக்கப் படிக்கப் பாவமாகத்தான் இருந்தது. பெயரும் வயதும் தெரிந்துவிட்டால் அந்நியன் சாவுக்கும் மனசு இளகிவிடுகிறது. கல்லின் வேலையே அதுதான் போலிருக்கிறது.

இங்கேதான் ஜான் டொயிலியும் கிடக்கிறார். 1815இல் கண்டி ராஜ்யம் ஆங்கிலேயர் கைக்குப் போனதில் இவருடைய உளவுக்கும் பேச்சுக்கும் பெரிய பங்கு. 1824இல் செத்தார். அவர் விரட்டிய ராஜா எங்கே? ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்த நாயக்கர் வம்சத்துக்காரர், வேலூர்க் கோட்டையில் பதினாறு வருஷம் கைதியாக இருந்து 1832இல் செத்தார். அவர் சமாதி பாலாற்றங்கரையில். 1990இல் தமிழ்நாடு அரசு அதன்மேல் முத்து மண்டபம் கட்டியது. வேலூர் போனபோது பார்த்திருக்கிறேன். கண்டி ராஜாவுக்கு எங்கள் ஊரில் தூணும் கூரையும் போட்டு மண்டபம். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்டியில் என்ன என்பதுதான் என்னோடு கூடவே வந்த கேள்வி.

நகரத்தின் மறுகோடியில் மகியாவை. கண்டி மாநகரத் துப்புரவுப் பணியாளர்களான தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அங்குள்ள பொது இடுகாட்டில் ஜேம்ஸ் டெய்லரின் கல். ஸ்காட்லாந்திலிருந்து 1852இல், இன்னும் பதினேழு நிறையாத பையனாக வந்து இறங்கி, லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். அடுத்த இரண்டு வருஷத்தில் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது, இவர் போட்ட 19 ஏக்கர்தான் எல்லோருக்கும் முன்மாதிரி ஆனது. 1892இல் வயிற்றுக்கடுப்பில் செத்தார். இந்தத் தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று கல்லில் இருக்கிறது.

அவருடைய சவ ஊர்வலத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. டெய்லர் கனத்த உடம்புக்காரர். லூல்கந்துரையிலிருந்து மலைப்பாதையில் பெட்டியைச் சுமக்க இருபத்து நான்கு பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத் தோள் மாற்றிக் கண்டிவரை சுமந்தார்கள். கங்காணிகளும் தொழிலாளர்களும் 'சாமித்துரை' என்று சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். அந்த இருபத்து நான்கு பேரில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. பெட்டியின் கனம் மட்டும் வந்திருக்கிறது.

ஓட்டோக்காரத் தம்பி வெளியே காத்திருந்தார். "துரைமார் பொதைச்ச எடமெல்லாம் பாக்க வெள்ளக்காரங்கதான் வருவாங்க. நீங்க நம்ம ஆளாச்சே, ஐயா" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பிளேன்டீ குடிக்கக் கூப்பிட்டேன்.

பீக்கொக் தோட்டம்

கம்பளையைத் தாண்டினால் காற்றின் மணம் மாறுகிறது. வாகனப் புகைக்கு நடுவே வாட்டிய கொழுந்தின் வாசம். பீக்கொக் தோட்டத்தில் லயம் என்ற பழைய வரிசைவீடு ஒன்றை மலையகத் தொழிலாளர்களின் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கோட்டையும் அரண்மனையும் அருங்காட்சியகமாவது நமக்குப் பழக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா அருங்காட்சியகமாவதை இங்குதான் பார்த்தேன். முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, உள்ளே ஒரு காம்பரா, கூரைக்குத் தகரம், காம்பராவுக்குக் காம்பரா ஒற்றைச் சுவர். அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், கிழவி, கோழி என்று எல்லாம் அதற்குள்தான். அம்மி, கவ்வாத்துக் கத்தி, கூடை, பழைய காகிதங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தவர்கள் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கும். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதற்கு அதில் எழுத்தும் எண்ணும் உண்டு, பெயர் இருக்காது. வழியில் செத்தால் அந்த எண்ணைக் கணக்கில் அடித்துவிட்டால் போதும். அதற்கும் முந்தைய கோப்பிக் காலத்து ஆட்களுக்குத் தகரமும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்தார்கள். வாந்திபேதி கண்டவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. அந்த நடையை நினைத்து, 1823ஐத் தொடக்கமாக வைத்து, இருநூறாம் வருஷமான 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் திரும்பவும் நடந்தார்கள். எங்கு எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று காட்டக் கல் இல்லாதபோது நடந்துதான் காட்டவேண்டியிருக்கிறது.

நுவரெலியா

இறம்பொடை அருவியைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் குளிர் கழுத்தைப் பிடிக்கிறது. கேரட், லீக்ஸ், முட்டைக்கோஸ் பாத்திகள், செம்மண் சரிவு. தபால் நிலையம் செங்கல்லில் கோபுரத்தோடு இங்கிலாந்துக் கிராமம் மாதிரி நிற்கிறது. சந்தைக்குள் போனால் எங்கள் திருச்சிக் காந்தி மார்க்கெட் சத்தம்.

1852இல் அர்ச்சிக்கப்பட்ட பரிசுத்த திரித்துவத் தேவாலயத்தின் வளாகத்திலும் கல்லறைகள் உண்டு. நான் பார்க்க விரும்பியது கோல்ஃப் மைதானத்தை ஒட்டிக் கிடக்கும் மேஜர் ரோஜர்ஸின் கல்லை. பதுளைப் பக்கத்து அதிகாரியாக இருந்து சாலைகள் போட்டவர். ஆயிரத்து நானூறு யானைகளுக்குமேல் சுட்டார் என்பது அவரைப் பற்றிய பேர்பெற்ற கணக்கு. 1845 ஜூனில் அப்புத்தளையில் விடுதித் தாழ்வாரத்தில் நின்றவரை இடி தாக்கியது. புதைத்த பிறகு அந்தக் கல்லையும் இடி விடவில்லை என்று இங்கே சொல்கிறார்கள்.

புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் தமிழர். "அது யானைப் பாவம்" என்றார் சுருக்கமாக. பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நமக்கெல்லாம் இடி விழுறதுக்கும் கல்லு இல்லையே, சேர்" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னது இரவு முழுக்க எனக்குள் உருண்டுகொண்டிருந்தது. பாவத்தின் கதை சொல்வதற்கும் ஒரு கல் வேண்டியிருக்கிறது.

ராத்திரி ஒரு சின்னக் கடையில் தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல். கல்லில் சுட்டுச் சுடச்சுடப் போட்டார் கடைக்கார அம்மா. மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் இடித்த சம்பல் நாக்கைச் சுட்டது. "ஊர்ல இதச் செய்வீங்களா?" என்று கேட்டார். தேங்காய் விலை அங்கே ரொட்டியில் இப்படித் துருவிப்போட விடாது என்றேன். "எங்க பாட்டி திருச்சி. எங்கன்னு கேட்டா அது சொல்லாது. அழுவும்" என்றார்.

டெவன்

நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை. பஸ் சன்னலில் மலை மலையாகத் தேயிலை, ஒரே உயரத்தில் வெட்டிய பச்சை. எங்கள் பக்கத்துக் கருவேலங்காட்டையும் வறண்ட கண்மாயையும் பார்த்த கண்ணுக்கு முதல் நாள் இது சொர்க்கம் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் எல்லாச் சரிவிலும் வரிசையும் எண்ணும் தெரிய ஆரம்பித்தன. இங்கே 'மலை' என்றால் தேயிலை போட்ட நிலத்துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நெம்பர். 'இன்னைக்கு ஏழாம் நெம்பர் மலையில கொழுந்து' என்பார்கள்.

தலவாக்கலையிலிருந்து அட்டன் போகும் சாலையில், எதிர்மலையில் டெவன் அருவி வெள்ளைக் கயிறாக விழுகிறது. எல்லோரும் இறங்கிப் படமெடுக்கிறார்கள். அருவியின் பெயரைக் கொண்ட தோட்டத்தில் 1977 மே மாதம் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் திட்டத்தைத் தொழிலாளர்கள் தடுத்து நின்ற நேரம். காணி போனால் வேலை போகும், லயம் போகும், ஆள்கள் ஊரை விட்டே போகவேண்டியிருக்கும். திட்டம் நின்றது. மலையகத்தில் இன்றும் அவர் பெயரை வருஷந்தோறும் சொல்கிறார்கள்.

அவர் எந்தக் காணிக்காக நின்றாரோ அது அவருடையதும் இல்லை, அவர் அப்பனுடையதும் இல்லை. அன்று அரசாங்கத்துடையது. அதற்குமுன் வெள்ளைக்காரக் கம்பெனிகளுடையது. 1992க்குப் பிறகு மறுபடி கம்பெனிகளின் கையில். கைகள் மாறிக்கொண்டே இருந்தன. அதில் குனிந்து நின்றவர்கள் மாறவில்லை. இருநூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்குச் சில பேர்ச்சஸ் காணி என்பதுதான் இன்றும் இங்கே பேச்சுவார்த்தை, வாக்குறுதி, ஊர்வலம் எல்லாம். நம் கணக்கில் ஒரு சில சென்டு.

அட்டன்

அட்டன் ரயில் நிலையத்தில் வடையும் சாயத்தண்ணியும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஒப்பந்தம். அப்படி அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்கு இங்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர். நடைமேடையில் நிற்பவர்களும் அழுவார்கள், பெட்டிக்குள் இருப்பவர்களும் அழுவார்கள்.

எங்கள் பக்கத்திலும் அந்தக் கோச்சியில் வந்தவர்கள் உண்டு. பள்ளியில் என்னோடு படித்த ஒருவனை வாத்தியார் முதல் எல்லோரும் 'சிலோன்காரன்' என்றுதான் கூப்பிட்டோம். அங்கே அவன் குடும்பத்தை 'இந்தியாக்காரன்' என்றிருக்கிறார்கள். அவன் அப்பா ஒருநாள் சொன்னது இந்த நடைமேடையில் ஞாபகம் வந்தது. சாமான்களை வித்தோம், ஆட்டைக் குடுத்தோம், அம்மா அப்பாவப் பொதச்ச எடத்த மட்டும் என்ன செய்யிறதுன்னு தெரியல.

டிக்கோயா

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேலே, தேயிலைக்கு நடுவில், வார்லீ தேவாலயம். 1878இல் கட்டியது. கருங்கல் சுவர், சரிந்த கூரை, வண்ணக் கண்ணாடிச் சன்னல். காலை வெயில் கண்ணாடி வழியாக விழுந்து, மர இருக்கைகளில் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. வெளியே ஏரியைப் பார்த்தபடி கல்லறைகள். சில சிலுவைகள், சில தரையோடு படிந்த பலகைக்கற்கள், சில சுற்றிலும் கல்வரம்பு கட்டிய தொட்டிகள். அந்த வரம்பைக் கவனித்தேன். எங்கள் ஊரில் வயலுக்கு வரப்புக் கட்டுவது போல, இங்கிருந்து இதுவரை இவருடையது என்று எல்லை போட்டிருக்கிறது. ஆறடிதான், ஆனாலும் எல்லை எல்லைதான். தேயிலை அந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஊரில் பள்ளிப்படைக் கோயில்கள் உண்டு. பட்டீசுவரம் பக்கத்தில் பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திர சோழன் எடுப்பித்தது அப்படி ஒன்று. இறந்த சிற்றன்னையின் நினைவிடம், லிங்கம் வைத்து, விமானம் வைத்துக் கோயிலாகிவிட்டது. கோயிலென்றால் விளக்குக்கு எண்ணெய் வேண்டும், பூசைக்கு ஆள் வேண்டும், அதற்கெல்லாம் நிலம் விடவேண்டும். ராஜா எடுத்த பள்ளிப்படையானாலும், ஆறடிக் கல்வரம்பானாலும், நினைவுக்கு அடியில் நிலம் இருந்தே ஆகவேண்டும். மாடு மீட்கும் சண்டையில் செத்த எங்கள் வீரனுக்கு நடுகல் கிடைத்ததும் அந்த நிலத்தில் ஊருக்குச் சொல் இருந்ததால்தான்.

டிக்கோயாவில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு பெயர் கிளங்கன். இந்திய உதவியில் கட்டிய பெரிய ஆசுபத்திரி, 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்தது. 'கிளங்கன் ஆசுபத்திரிக்குப் போறேன்' என்பது பஸ்ஸில் அடிக்கடி காதில் விழுந்தது. கிளென்கேர்ன் என்ற ஸ்காட்லாந்துப் பெயரைத் தமிழ் வாய்கள் தேய்த்துத் தேய்த்துக் கிளங்கன் ஆக்கியிருக்கின்றன. அந்தக் கிளென்கேர்ன் தோட்டத்தில்தான் 1879 ஜனவரி 26 அன்று ஜூலியா மார்கரெட் கேமரன் செத்தார்.

பொகவந்தலாவை

நோர்வூட்டைத் தாண்டிப் பள்ளத்தாக்கு விரிகிறது. பொகவந்தலாவையில் தேயிலைக்கு நடுவே சின்னக் கற்கோயில், புனித மரியாள் தேவாலயம். அதன் இடுகாட்டில் ஜூலியாவும் கணவர் சார்லஸ் ஹே கேமரனும் அருகருகே.

ஜூலியா கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவால் உலகப்புகழ் பெற்றார். டென்னிசன், டார்வின், கார்லைல், வானியல் அறிஞர் ஹெர்ஷல் எல்லோரும் அவர் கண்ணாடித் தகட்டின்முன் உட்கார்ந்தவர்கள். 1875இல் இங்கிலாந்தை விட்டு, மகன்கள் இருந்த இலங்கைக்குக் கணவரோடு வந்தார். கிடைக்குமோ கிடைக்காதோ என்று சவப்பெட்டி இரண்டையும் கையோடு கொண்டுவந்ததாகவும், வரும் வழியில் அதில் பீங்கான் சாமான் அடுக்கி வைத்ததாகவும் சொல்வார்கள். சாவதற்கு இவ்வளவு ஏற்பாடாக வந்தவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கணவர் இந்தத் தீவுக்குப் புதியவர் இல்லை. 1830இல் விசாரணைக் குழுவில் வந்து நீதிமன்றங்களைப் பற்றி அறிக்கை எழுதியவர். கோல்புரூக், கேமரன் சீர்திருத்தம் என்று இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அந்தச் சீர்திருத்தத்தோடு ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது. பிறகு முடிக்குரிய நிலம் என்று காடு மலையெல்லாம் துரைமாருக்கு விலைக்குப் போனது. வயலும் வீடும் சொந்தமாக இருந்த சிங்களக் குடியானவர்கள் லயத்துக்கு வந்து அடைபட விரும்பவில்லை. காணி இல்லாதவர்களைத் தேடிக் கங்காணிகள் கடலைத் தாண்டினார்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் எல்லாம் அப்படித்தான் இந்த மலைக்கு வந்தன.

ஜூலியா இங்கேயும் படமெடுத்தார். எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. நான் அச்சில் பார்த்திருக்கிறேன். முக்காடிட்ட பெண், வெற்று மார்பு ஆண், குழந்தையோடு ஒரு கூட்டம். சிலர் முகம் எங்கள் ஊர்ச் சந்தையில் நேற்றுப் பார்த்த முகம். டென்னிசன் படத்தின் கீழே டென்னிசன் என்று இருக்கும். இவர்கள் படத்தின் கீழே இலங்கைப் பெண், களுத்துறைக் குடியானவர்கள் என்று இருக்கும். அவர் களுத்துறையில் தகடு கழுவிக்கொண்டிருந்த 1877இல் எங்கள் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணி ஏறியவர்கள் அந்த வருஷங்களில் ஏராளம். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். முகத்தைப் பிடித்துவைக்கத் தெரிந்தவர் இங்கே இருந்தார், பெயர் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கல்லைத் தடவிப் பார்த்தேன். பாசி, குளிர். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொந்த ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து கிடக்கிறவர் எவராயிருந்தாலும் பாவம்தான். வேலியைப் பார்த்தேன். இந்தப் பக்கம் தேவாலயத்துக் காணி, அந்தப் பக்கம் தோட்டத்துக் காணி. கல் எங்கே முளைக்கிறது, எங்கே முளைக்கவில்லை என்பதை அந்த வேலி தெளிவாகச் சொன்னது.

மேல் டிவிஷன்

அன்று வழிகாட்டக் கூட வந்த ஒரு தம்பியின் மாமியார் வீடு அதே பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில். தோட்டத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன், காரணம் கடைசியில் புரியும். லயத்து இஸ்தோப்பில் பாய் போட்டு உட்காரவைத்து, இஞ்சி தட்டிப்போட்ட சாயத்தண்ணி கொடுத்தார்கள். தம்பியின் மாமியாரின் அம்மாவுக்கு எண்பதுக்குமேல் இருக்கும். காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை.

"எந்த ஊரு தம்பி?"

"புதுக்கோட்டை, ஆத்தா."

"எங்கப்பனுக்கும் அந்தப் பக்கந்தான். நான் கண்டதில்ல. நாலு புள்ளைக்கும் கொடி இங்கதான் பொதச்சேன். அவுகளையும் இங்கதான் பொதச்சேன்."

எங்கே என்று கேட்டேன். மலையை நோக்கிக் கையை நீட்டினார். தேயிலை, அதற்குமேல் யூகலிப்டஸ் மரங்கள், மேலே மூடுபனி. "அந்த நாலு மரம் தெரியுதா, அதுக்குக் கீழ."

பேரன் கூட்டிப்போனான். வழியில் ஒரு கல்லில் குங்குமமும் காய்ந்த பூவும். "கவ்வாத்துச்சாமி" என்றான். கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கத்தி காலில் படாமல் காக்கும் சாமி. கொழுந்து ஆலையின் சக்கரத்துக்கு ரோதமுனி இருக்கிறார். அய்யனாரையும் முனியையும் சுமந்துகொண்டு வந்தவர்கள், வேலைக்கு வேலை புதுச்சாமியும் செய்துகொண்டார்கள். சாமிக்குக் கல் வைத்தால் துரைகள் தடுக்கவில்லை. மாரியம்மன் கோயிலுக்கும் இடம் விட்டார்கள், சாமி கும்பிட்டால் ஆள் தங்குவான் என்ற கணக்கு. மனுஷனுக்குக் கல் வைப்பது அப்படி இல்லை. அது இந்த மண்ணில் இவன் இருந்தான் என்ற சாட்சி. நாளைக்கு அதைக் காட்டிக் காணி கேட்கலாம்.

மயானம் என்று தனியாக வேலியோ வாசலோ இல்லை. தேயிலை முடிந்து மரம் தொடங்கும் இடைவெளியில் மண்மேடுகள். பழையவை அமுங்கித் தரையோடு தரையாகிவிட்டன. சிலவற்றின் தலைமாட்டில் குரோட்டன் செடி, அடையாளத்துக்கு. பேரன் கால் வைக்கும் இடத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். "இது பெரியப்பா. இது குள்ளத் தாத்தா. இதுல ரெண்டு பேரு." செடி பட்டுப்போன இடங்களில் அவனுக்கும் தெரியவில்லை. அங்கே அவன் பாட்டி வந்தால் தெரியும். பாட்டிக்குப் பிறகு தெரியாது.

புதிதாகச் சில சிமெண்ட் கல்லறைகள். நீலச் சாயம் அடித்து, ஆணியால் கீறிய எழுத்தில் பெயர், செத்த தேதி. கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய காசில் கட்டியவை. ஒன்று பாதியில் நின்றது. பக்கத்தில் மணல், இரண்டு சிமெண்ட் மூட்டை, மேலே படங்கு மூடி.

"இது தாத்தாவுக்கு. பாட்டிக்குப் பக்கத்துலயே எடம் விட்டிருக்கோம்" என்றான். "ஒண்ணு கேக்கணும் ஐயா. பேரு தெரியும். பொறந்த வருசம் யாருக்கும் தெரியாது. செத்த வருசம் மட்டும் போட்டா நல்லா இருக்குமா?"

நல்லாத்தான் இருக்கும் என்றேன். "ஊர் போடுவீங்களா?"

"போடணும். பாட்டிகிட்ட கேட்டேன், புதுக்கோட்டைன்னு போடவான்னு. வேணாம்னுடுச்சு. தோட்டத்துப் பேரப் போடச் சொல்லுச்சு."

கீழே ஆலையின் சங்கு ஊதியது. கொழுந்து நிறுக்கக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலியும் காணியும்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தன. தோட்டத்து ஆபீசில் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்டேன்.

அவன் படங்கை நன்றாக இழுத்து மூட்டைகளை மூடி, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தான்.

"கேட்டா இல்லம்பாங்க ஐயா. போட்டுட்டா எடுக்கமாட்டாங்க."